“உங்களுக்கு மட்டும்” என்று எனக்கு விற்ற நிஷ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று இரவு என் தோழி ஒரு வெபினார் இணைப்பை அனுப்பி, “இதில் சேரலாமா? நீதான் முன்பு ஆன்லைனில் ஏதோ செய்தாயே” என்று கேட்டாள். திறந்து பார்த்தேன். ஆன்லைன் கடைக்கு ‘நிஷ்’ (எந்தப் பொருளை யாருக்கு விற்பது என்று குறிவைக்கும் சின்னச் சந்தை) தேடித் தருகிறேன் என்று என்னை ஏமாற்றிய அதே ஆள், அதே பேச்சு, பக்கத்தின் மேலே சலுகை முடிய இவ்வளவு நேரம்தான் என்று ஓடும் அதே 48 மணி நேரக் கடிகாரம். எனக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அடுத்தவர் போய் விழுகிறார் என்றால் அது சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

2023 ஜனவரி. வேலைக்குப் போய்க்கொண்டே ஓர் ஆன்லைன் கடை நடத்த ஆசைப்பட்டேன். கடை கட்டுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எதை விற்பது, யாருக்கு விற்பது என்பதில்தான் மாதக்கணக்கில் நின்றேன். இந்தக் குழப்பத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் அந்த விளம்பரம் வந்தது. லாபம் தரும் நிஷ் எது என்று அவர்களே ஆய்வு செய்து அறிக்கை தருவார்கள், அதற்கேற்ற ஸ்டோரைக் கட்டித் தருவார்கள், மூன்று மாதம் வழிகாட்ட ஒரு மென்டார் கூடவே இருப்பார். இதை விளக்க ஒரு வெபினார். அது முடிந்ததும் அதை நடத்தியவரே போனில் பேசினார்.

“சார், இதே நிஷ்ஷை வேறு யாருக்கும் தர மாட்டீர்களே?” என்று கேட்டேன்.

“ஒரு நிஷ் ஒருத்தருக்குத்தான் சிஸ்டர். உங்களுக்குக் கொடுத்துட்டா அது லாக். அந்தப் பக்கம் நாங்க திரும்பியே பார்க்க மாட்டோம்.”

இந்த ஒரு வாக்குறுதிக்காகத்தான் பணம் கட்டினேன். என் நான்கு மாதச் சம்பளம். அறிக்கைக்கும் ஸ்டோருக்கும் ஒரு தவணை, மென்டார்ஷிப்புக்கு ஒரு தவணை என்று இரண்டாகக் கட்டச் சொன்னார்கள். அது பின்னால் எனக்கே உதவியது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் 38 பக்க பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்தில் தங்க நிறத்தில் என் பெயர். எனக்கான நிஷ், வீட்டில் உடற்பயிற்சி செய்ய உதவும் ரப்பர் பட்டைகள். ஆறாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று விஷயங்கள்: மாதத் தேடல் 1,00,000, போட்டி குறைவு, கிளிக் மதிப்பு அதிகம். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு பேர் தேடுகிறார்கள், போட்டியும் இல்லை, இன்னும் என்ன வேண்டும்?

ஏமாற்று வேலை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது. எல்லாம் கூகுள் கீவேர்ட் பிளானரில் (எந்த வார்த்தை எவ்வளவு தேடப்படுகிறது என்று விளம்பரம் போடுபவர்களுக்குக் காட்டும் கருவி) இருந்து எடுத்தவை, எதையும் அவர்கள் கற்பனையாக எழுதவில்லை. அவற்றுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த ஒரு லட்சம். கூகுள் விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் கீவேர்ட் பிளானர் துல்லியமான எண்ணைக் காட்டாது. 10 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை என்பது போல ஒரு வரம்பைத்தான் காட்டும். இவர்கள் மேல் எல்லையை மட்டும் எடுத்து எழுதிவிட்டார்கள். உண்மையான எண் 12 ஆயிரமாகக்கூட இருக்கலாம். அது தேடல்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையும் இல்லை. ஒரே ஆள் பத்து முறை தேடினால் பத்தும் அதில் சேரும்.

அடுத்து ‘போட்டி குறைவு’. இதில்தான் நான் முழுதாகக் கவிழ்ந்தேன். அந்தக் கருவியில் ‘போட்டி’ என்று வரும் பத்தி, அந்த வார்த்தைக்கு எத்தனை விளம்பரதாரர்கள் மோதுகிறார்கள் என்பதைக் காட்டுவது. கூகுள் தேடலில் நம் கடை முதல் பக்கத்துக்கு வருவது எளிதா, அந்தப் பொருளை ஏற்கெனவே எத்தனை பேர் விற்கிறார்கள் என்பதையெல்லாம் அது சொல்லாது. கருவியின் உதவிப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை.

மூன்றாவது, கிளிக் மதிப்பு, அதாவது விளம்பரத்தை ஒருவர் கிளிக் செய்தால் விளம்பரம் போட்டவர் கூகுளுக்குக் கட்டும் தொகை. “ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கொடுக்கிறாங்கன்னா இந்த நிஷ்ல எவ்வளவு பணம் புரளுது பாருங்க சிஸ்டர்” என்றார். விளம்பரம் போட்டு விற்கப்போகிற எனக்கு அது வரவு இல்லை, செலவு. ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தத் தொகையை நான் கட்ட வேண்டும். தளத்தில் விளம்பர இடம் வைத்துச் சம்பாதிப்பவருக்கு வேண்டுமானால் அது நல்ல செய்தி.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று பல வாரம் கழித்து, நானே கீவேர்ட் பிளானரைத் திறந்து உட்கார்ந்தபோது தெரிந்தது. ஆறாம் பக்கத்தில் இருந்த மூன்றும் ஒரே வார்த்தைக்கு உரியவை இல்லை. தேடல் எண்ணிக்கையும் ‘போட்டி குறைவு’ என்பதும், பட்டையை வைத்து முதுகுப் பயிற்சி செய்வது எப்படி என்று தேடுகிறவர்களின் வரியில் இருந்தவை. கையில் பட்டை வைத்திருப்பவர்தான் அப்படித் தேடுவார். வாங்க வராதவரிடம் யாரும் விளம்பரம் போட மாட்டார்கள், அதனால் அங்கே போட்டி குறைவு. கிளிக் மதிப்பை மட்டும் ‘பட்டை செட் வாங்க’ என்ற வரியிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்த வரியில் தேடலும் குறைவு, போட்டியும் அதிகம். இரண்டு வரிகளை வெட்டி ஒட்டி ஒரே வரியாக்கியிருந்தார்கள். இதைத் தெரியாமல் செய்திருக்க முடியாது.

அப்புறம் அவர் காட்டிய கூகுள் டிரெண்ட்ஸ் வரைபடம், ஒரு தேடல் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவது. மேல்நோக்கி ஏறும் கோடு, உச்சியில் 100. “நூற்றுக்கு நூறு சிஸ்டர்” என்றார். டிரெண்ட்ஸில் எதைத் தேடினாலும், நாம் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் எது உச்சமோ அது 100 என்று வரும். செத்துப்போன பொருளுக்கும் ஒரு 100 உண்டு. அவர் காட்டியது கடைசி 90 நாட்கள், அதுவும் ஜனவரியில் முடிவது. புத்தாண்டு வந்தால் உடற்பயிற்சி சம்பந்தப்பட்ட எல்லாத் தேடலும் ஏறும், பிறகு இறங்கும். அதே வரைபடத்தை ஐந்து வருடத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஜிம்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த 2020-இன் முதல் பாதியில் மலை போல ஓர் உச்சி நின்றது. என்னிடம் காட்டிய ‘ஏறும் கோடு’ அந்த மலைக்குக் கீழே சின்ன மேடாகத் தெரிந்தது. 90 நாளை ஐந்து வருடமாக மாற்ற ஒரு கிளிக் போதும். அந்த ஒரு கிளிக்கைப் பணம் கட்டும் முன் செய்யவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

கடையைத் திறந்தேன். டிராப்ஷிப்பிங் முறை, சரக்கு என் கைக்கு வராது, சப்ளையரே நேரடியாக அனுப்புவார். ஆறு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொண்டால், பொருளுக்கும் அனுப்பும் செலவுக்கும் 35, ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வேக்கு 3, ரிட்டர்னில் போனது 8. மீதி 54. அதற்குள் விளம்பரச் செலவு அடங்கினால்தான் லாபம். எனக்கு ஒரு பட்டை விற்க விளம்பரத்துக்கு மட்டும் 70 ஆனது. விற்க விற்க ஒவ்வொன்றிலும் 16 நஷ்டம். மென்டாரிடம் சொன்னால், “பட்ஜெட்டை ஏத்துங்க சிஸ்டர், அல்காரிதம் கத்துக்க டைம் கொடுக்கணும்” என்பார். ஏற்றினேன். ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் ஊற்றியது போலத்தான் ஆனது. இந்த எளிய கணக்கு 38 பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. ரிட்டர்ன் என்ற சொல்லே இல்லை.

அந்த நாட்களில் வந்த ஒரு மின்னஞ்சல் இன்னும் கண்ணில் நிற்கிறது. பட்டை பாதியில் அறுந்து அடித்ததில் ஒருவருக்கு முன்கை முழுக்கச் சிவந்த கோடு. புகைப்படத்துடன் நான்கே வரிகள் எழுதியிருந்தார், திட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நான் தொட்டுக்கூடப் பார்க்காத பொருளால் முகம் தெரியாத ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது. அன்றே விளம்பரத்தை நிறுத்தினேன். பண நஷ்டத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது. லாபம் தரும் நிஷ் என்று பேசுகிற யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

‘உங்களுக்கு மட்டும்’ என்ற வாக்குறுதி பொய் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ரீஃபண்ட் கேட்டு எழுதுவதற்காக அந்த பிடிஎஃபைத் திறந்தவள், ஏதோ நினைவில் கோப்பின் பண்புகள் பக்கத்துக்குப் போனேன். கோப்பு உருவான தேதி 2021. தலைப்பு என்ற இடத்தில் ‘நிஷ் அறிக்கை’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு பெயர். என் பெயர் இல்லை. எனக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு விற்ற அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தலைப்பை மாற்ற மறந்துவிட்டார்கள். கை நடுங்கிவிட்டது. பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓடும் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தேடினேன். எனக்குத் ‘தனியாகத் தயாரித்த’ விளம்பர வீடியோ வேறு ஏழு பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது, லோகோ மட்டும் வேறு. அந்த நூலகத்தைப் பார்க்கக் கணக்குகூடத் தேவையில்லை. பொருளின் படத்தைப் படத்தேடலில் போட்டேன், எண்ணி முடியாத கடைகள். பணம் கட்டும் முன்பே இந்த இரண்டையும் பத்து நிமிடத்தில் செய்திருக்கலாம்.

வெபினாரில் காட்டிய வருமான ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தோழிக்காக நேற்று ஒன்று செய்து காட்டினேன். மூடிக் கிடக்கும் என் ஸ்டோரின் டாஷ்போர்டைத் திறந்து, விற்பனை 0 என்று இருந்த இடத்தில் வலது சொடுக்கி, ‘இன்ஸ்பெக்ட்’ போய், 0-வை அழித்து ஏழு இலக்க எண் ஒன்றைத் தட்டினேன். திரையில் அச்சு அசலாக நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும் மறுபடி 0. அந்தப் படம் உண்மையாகவே இருந்தாலும் அது விற்பனைத் தொகை, கையில் நின்ற லாபம் இல்லை. என் கடையிலும்தான் விற்பனை நடந்தது.

48 மணி நேரக் கடிகாரத்தையும் பார்த்தோம். அவள் போனில் 31 மணி நேரம் மீதி இருந்தது. அதே இணைப்பை மறைநிலைச் சாளரத்தில் திறந்தேன், 47 மணி 59 நிமிடத்திலிருந்து புதிதாக ஓட ஆரம்பித்தது.

அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு ‘வணிக வாய்ப்பு விதி’ என்று ஒன்று உண்டு, இப்போதுள்ள வடிவம் 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வணிக வாய்ப்பு விற்பவர் பணம் வாங்குவதற்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே ஒரு பக்கத் தகவல் ஆவணம் கொடுக்க வேண்டும். இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொன்னால் அதை எழுத்தில் தர வேண்டும், கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். தன் மீது வழக்குகள் இருந்தால் சொல்ல வேண்டும். முன்பு வாங்கியவர்களின் பட்டியலையும் தர வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அந்த விதி உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இதே நான்கையும் கேளுங்கள். ஏழு நாள் அவகாசம் கேட்டதற்கே அந்த ஆளின் குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நான் ஒரே ஒரு நாள் கேட்டேன். “அப்போ உங்களுக்கு சீரியஸ்னெஸ் இல்ல சிஸ்டர்” என்றார், நானும் அன்றே கட்டிவிட்டேன்.

ரீஃபண்ட் கேட்டதற்கு, அறிக்கையைத் தரவிறக்கியாயிற்று, இனிப் பணம் திரும்பாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கார்டில் கட்டியதால் வங்கியில் முறையிட்டேன். சொன்னபடி சேவை இல்லை என்று விசா, மாஸ்டர்கார்டு பரிவர்த்தனைகளை எதிர்த்து முறையிடப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு, சில வங்கிகள் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும். எனக்கு உண்மை தெரிந்தது 97ஆம் நாள். மென்டார்ஷிப் தவணை தனிப் பரிவர்த்தனையாக இருந்ததால் அது மட்டும் திரும்பி வந்தது. அறிக்கைக்கும் ஸ்டோருக்கும் கட்டியது போனதுதான், விளம்பரத்துக்குக் கொட்டியதும் போனதுதான்.

உங்களில் யாரிடமாவது இப்படி முதல் பக்கத்தில் உங்கள் பெயர் போட்ட நிஷ் அறிக்கை இருந்தால், இன்றே அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். வேறு பெயரோ பழைய தேதியோ இருந்தால் அதைப் படம் எடுத்து, ‘ஒருவருக்கு மட்டும்’ என்று அவர்கள் எழுதிய செய்தியோடு சேர்த்து வங்கிக்கு அனுப்புங்கள். பேச்சில் மட்டும் சொல்லியிருந்தால், ஏதாவது சாக்கில் இப்போது எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், என்னிடம் இல்லாமல் போனது அதுதான். பணம் கட்டிய தேதியிலிருந்து நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.