பாதியில் கரண்ட் போனால் எது எழுந்து வரும்? ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன்

திருப்பூரிலும் அவிநாசியிலுமாக ஏழெட்டு பனியன் கம்பெனிகளின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் லினக்ஸ். லினக்ஸில் கட்டளை அடித்து மென்பொருள் போடவும் எடுக்கவும் ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன் என்று கருவிகள் உண்டு; எது நல்லது என்று புதிதாக வரும் பசங்கள் கேட்டால், பலரும் வேகத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். பேக்மேன் பறக்கும், டிஎன்எஃப் மெதுவு, ஆப்ட் இரண்டுக்கும் நடுவில் என்பார்கள். அடுத்தவர் பிழைப்பு ஓடும் மெஷினில் பத்து நொடி முன்னே பின்னே ஆவது ஒரு விஷயமே இல்லை. நான் பார்ப்பது இரண்டுதான். பாதியில் நின்றுபோனால் எப்படி எழுந்து வருகிறது? போட்டது பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா?

முதல் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு செத்துப்போன யுபிஎஸ் பேட்டரி. ஒரு கம்பெனியின் பில்லிங் மெஷினில் டெபியன் என்ற லினக்ஸ் வகை, ஆப்ட் அதன் கருவி. ஆப்ட் அப்கிரேடு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியை நான் சோதித்திருக்கவில்லை. கரண்ட் போனது, மெஷினும் கூடவே அணைந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி மறுபடி ஆன் செய்தபோது பில்லிங் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, வண்டி லோடு ஏத்தி நிக்குதுங்க. பில்லு போடோணும்."

"அஞ்சு நிமிசங்க்கா."

ஆப்ட் வேறு எதையும் செய்ய மறுத்தது. தனக்குக் கீழே ஓடும் டிபிகேஜி பாதியில் நின்றிருக்கிறது, இந்தக் கட்டளையை அடி என்று, அடிக்க வேண்டியதையும் சேர்த்தே காட்டியது: சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. அடித்தேன். வரிசையாக ஒவ்வொரு பேக்கேஜாக, அதாவது மென்பொருள் பொட்டலமாக, முடித்துக்கொண்டு வந்தது. அடுத்து ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். அவ்வளவுதான், வண்டி கிளம்பியது.

இது எப்படி முடிகிறது என்றால், அங்கே இரண்டு அடுக்கு வேலை செய்கிறது. டிபிகேஜி 1994-இல் வந்தது. கையில் இருக்கும் ஒரு பேக்கேஜைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது அதன் வேலை. எதற்கு எது துணையாக வேண்டும் என்று கணக்குப் பார்த்து, நெட்டிலிருந்து இறக்கிக் கொடுப்பது ஆப்ட். அது 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்தது. டிபிகேஜி முதலில் பிரித்து வைக்கும், அப்புறம் அமைத்து முடிக்கும். எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும். தறியில் நூல் அறுந்த இடம் தெரிந்தால் அங்கிருந்து முடிச்சுப் போட்டு ஓட்டலாம் அல்லவா, அதே மாதிரி.

டிஎன்எஃப் இதே நிலையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பத்தின் கருவி இது. பழைய யம்முக்குப் பதிலாக 2015-இல் ஃபெடோரா 22-இல் முதன்மைக் கருவியானது. அப்கிரேடு செய்யும்போது புதிய பேக்கேஜ்களை எல்லாம் முதலில் வைத்துவிட்டு, பழையவற்றைக் கடைசியில்தான் துடைக்கும். நடுவில் கரண்ட் போனால் ஒரே பேக்கேஜின் பழசும் புதுசும் சேர்ந்தே பதிவில் உட்கார்ந்திருக்கும். டிஎன்எஃப் 4-இல் ரிமூவ் --டூப்ளிகேட்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது, சரியாகவும் வேலை செய்கிறது. ஆனால் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டிபிகேஜி மாதிரி அதுவே வழி சொல்லிக் கூட்டிப்போகாது. ஆபீஸில் இருக்கும் அக்காவுக்கு நான் போனில் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாளில் இந்த வித்தியாசம் பெரிசு.

பேக்மேன் ஆர்ச் லினக்ஸின் கருவி, 2002-இல் வந்தது. பாதியில் நின்றால், இன்னொரு தடவை ஓடவிடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பு ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போகும். நாமே அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும் நேரத்தில் நின்றிருந்தால் மெஷின் எழவே எழாது, பென் டிரைவில் இன்னொரு லினக்ஸைப் போட்டு உள்ளே நுழைந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். என் சொந்த லேப்டாப்பில் ஆர்ச்தான் இருக்கிறது, ரொம்பப் பிடிக்கும். ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, பக்கத்தில் நான் இருக்கிறேன்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒன்று செய்யலாம். முதலில் இறக்க மட்டும் சொல்லிவிடுங்கள். ஆப்ட்டுக்கு --டவுன்லோட்-ஒன்லி, டிஎன்எஃபுக்கு நடுக்கோடு இல்லாமல் --டவுன்லோட்ஒன்லி. ஹாட்ஸ்பாட்டில் அரை மணி நேரம் இறங்கட்டும், அந்த நேரத்தில் கரண்ட் போனாலும் ஒன்றும் கெடாது. உண்மையில் ஆபத்தான நேரம் அதன் பிறகு வரும் சில நிமிடங்கள்தான். அதை யுபிஎஸ் தாங்குகிறது என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

சரி, இரண்டாவது கேள்வி: திரும்பிப் போவது. இதில் டிஎன்எஃப் முந்திவிடுகிறது.

கோபியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் மெஷினில் ஃபெடோரா. அதற்குப் படத்திலிருக்கும் எழுத்தைப் படிக்கும் டெசரக்ட் என்ற மென்பொருள் வேண்டும், கூடவே தமிழ்த் தரவும் வேண்டும். நான் டெபியன் பழக்கத்தில் டெசரக்ட்-ஓசிஆர்-டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். "அப்பிடி ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுதுங்களே" என்றார். ஃபெடோராவில் அதற்குப் பெயர் டெசரக்ட்-லாங்பேக்-டாம். ஆர்ச்சில் டெசரக்ட்-டேட்டா-டாம். ஒரே சரக்கு, மூன்று கடையில் மூன்று பெயர். இங்கிருந்து அங்கே மாறுகிறவர்கள் முதல் வாரம் தடுமாறுவது இதில்தான். பெயரை ஊகிக்காமல் சர்ச் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

தேடும் வேகத்தில் அவர் வேண்டாததையும் நாலைந்து போட்டுவிட்டார். டிஎன்எஃப் ஹிஸ்டரி என்று அடிக்கச் சொன்னேன். எந்த நாளில் என்ன செய்தோம் என்று எண் போட்டு வரிசையாகக் காட்டியது. ஹிஸ்டரி அன்டூ போட்டு அந்த எண்ணைக் கொடுத்தார். வேண்டாததும், அதற்குத் துணையாக வந்ததும் சேர்ந்தே போய்விட்டன. ஒரு எச்சரிக்கை மட்டும்: போட்டதை எடுப்பதற்கு இது நன்றாக நிற்கும், அப்கிரேடைத் திருப்ப எப்போதும் நிற்காது. பேக்கேஜ்கள் நெட்டில் இருக்கும் அப்டேட் களஞ்சியத்தில் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருப்பார்கள். நடுவில் இருந்த பதிப்பு அங்கே கிடைக்காது.

நான் வைத்திருக்கும் டெபியன் 12-இல் ஆப்ட்டுக்கு இப்படி ஒரு கட்டளை இல்லை. என்ன போட்டோம் என்று ஹிஸ்டரி.லாக் கோப்பில் இருக்கும், அதைப் படித்து நாமே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ரிமூவ் என்றால் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும், பர்ஜ் என்றால் அதையும் துடைக்கும். துணைக்கு வந்தவை போக ஆட்டோரிமூவ் தனியாகக் கொடுக்க வேண்டும். பேக்மேனோ இறக்கிய பழைய பேக்கேஜ்களைத் தானாக அழிக்காமல் வைத்திருக்கிறது. புதுசு பிடிக்கவில்லையென்றால் பழைய கோப்பைக் காட்டி, பேக்மேனுக்கு -U என்று பெரிய யூ போட்டு ஏற்றிவிடலாம். டிஸ்க் நிறையும், ஆனால் அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

இவை போக ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்று, எந்த லினக்ஸ் வகையிலும் தனியாக மென்பொருள் போடும் இரண்டு வழிகளும் உண்டு. ஸ்னாப்பைப் பலர் திட்டுவார்கள். ஆனால் இந்த இரண்டாவது அளவுகோலில் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். ரிவர்ட் என்று ஒரு சொல், முந்தின பதிப்பு வந்துவிடும். நீக்கினால்கூட நம் தரவை 31 நாள் எடுத்துவைத்திருக்கும். தானாக நாளுக்கு நான்கு முறை அப்டேட் தேடுவதுதான் மொபைல் டேட்டாவில் ஓடும் ஆபீஸுக்கு ஒத்துவருவதில்லை; ஹோல்டு போட்டு நிறுத்திவைக்கலாம். ஃப்ளாட்பேக்கை பிரிண்டிங் டிசைன் செய்யும் தம்பிக்குப் போட்டுக்கொடுத்தேன். அவனுக்குப் படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளின் புதுப் பதிப்பு வேண்டும், டெபியனில் இருந்தது பழசு. கீழே இருக்கும் சிஸ்டத்தைத் தொடாமல் புதுசு மட்டும் மேலே ஓடுகிறது. முதல் முறை இறங்கும் அளவு மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும்.

மூல நிரலை இறக்கி, இந்தக் கருவிகள் இல்லாமல் நாமே மேக் இன்ஸ்டால் அடித்து மென்பொருள் போடுவதை ஆபீஸ் மெஷினில் நான் செய்வதே இல்லை. எங்கே எந்தக் கோப்பு போனது என்று எந்தக் கருவியின் பதிவிலும் இருக்காது.

ஆக, பில்லிங் மெஷின்களில் டெபியனும் ஆப்ட்டும். அன்டூ இல்லாத குறையை ஏற்றுக்கொள்கிறேன், அங்கே புதிதாக எதையும் போடுவதே அபூர்வம், கரண்ட் போவது அபூர்வம் இல்லை. ஆசிரியரைப் போல நாலு விதமாகப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஃபெடோராவும் டிஎன்எஃபும். ஒரு சாயப்பட்டறையில் மட்டும், ஷேடு கணக்கு வைத்திருக்கும் மெஷினில், முன்பு யாரோ போட்ட ஃபெடோரா இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவுதான் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை முழு அப்கிரேடு செய்தாக வேண்டியிருக்கிறது. தீபாவளி லீவில் பட்டறை மூடியிருக்கும்போது அதை டெபியனுக்கு மாற்றித்தருவதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.