ஆயர் தாவார் பாய்மரப் படகு வகுப்பு: பலத்த காத்துல ஓட்டக் கத்துக்கணும்னா இங்க போங்க

சுத்தியும் செம்பனை தோட்டம், கடலப் பாக்கணும்னா காரு எடுக்கணும், இந்த பேராக் ஆயர் தாவார்ல பாய்மரப் படகு வகுப்பானு கேக்குறாங்க நெறைய பேரு. ஆமா இருக்கு, நல்லாவே இருக்கு. டவுன்ல ஒரு கடைக்கு மேல மாடியில வெள்ளிக்கெழம ராத்திரி தியரி, ஞாயித்துக்கெழம கடலோரத்துல இருக்குற லூமுட் பக்கம் தண்ணியில பயிற்சி. நடத்துறவரு கடற்படையில இருந்து ரிட்டையர் ஆனவரு, நம்ம பக்கத்து தோட்டத்து லயத்துல பொறந்து வளர்ந்தவரு, எல்லாருக்கும் அவரு அண்ணன்தான். நானும் என் மகளும் ஒண்ணா சேர்ந்தோம், அவ பிள்ளைங்க ஓட்டுற சின்ன ஆப்டிமிஸ்ட் படகுல, நான் ஒத்த ஆளு ஓட்டுற லேசர் படகுல.

மெல்லிசா காத்து அடிக்கிறப்ப படகுல ஒக்கார வச்சு ஒரு ரவுண்டு சுத்திக் காட்டி போட்டோ எடுத்து அனுப்புற எடம் வேற எங்கயும் கெடைக்கும் லா, இங்க காசு குடுக்குறது பலத்த காத்துக்குத்தான். அதனால அதப் பத்தியே எழுதுறேன்.

மொத ராத்திரியே அண்ணன் போர்டுல போட்ட கணக்கு, காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா பாய்மேல விழுற அழுத்தம் நாலு மடங்கு. 10 நாட் காத்துல (மணிக்கு ஒரு கடல் மைல்னா ஒரு நாட்) சொகமா போற படகு 20 நாட்ல ஏன் பேய் புடிச்சமாதிரி இழுக்குதுனு அப்பத்தான் வெளங்குச்சு. அப்புறம் மீட்டர் எதுவும் இல்லாம தண்ணிய பாத்தே காத்த அளக்குறது: அங்கங்க கொஞ்சம் வெள்ள நுரை தெரிஞ்சா 7லேருந்து 10 நாட், அடிக்கடி தெரிஞ்சா 11லேருந்து 16, எங்க பாத்தாலும் வெள்ளையா இருந்தா 17லேருந்து 21, அதுக்கும் மேலனா சின்ன படகுல புதுசா கத்துக்குறவங்களுக்கு அங்க வேலையே இல்லனு கறாரா சொல்லிட்டாரு.

எனக்கு ரொம்ப புடிச்சது, பாதி வேலைய கரையிலயே முடிக்க சொல்றது. காத்து பலமா இருந்தா அவுட்ஹால், கன்னிங்ஹாம், வேங்னு பாய இறுக்குற மூணு கயித்தயும் நல்லா இழுத்து பாய தட்டையாக்கணும், வயிறு வச்ச பாய்தான் படக சாய்க்குது. லேசருக்கு வேற ஒரு வழியும் இருக்கு, அதே படகுல பாய்மரத்தோட அடிப்பாகத்தயும் பாயயும் மட்டும் மாத்தினா 7.06 சதுர மீட்டர் பாய்க்குப் பதிலா 4.7 சதுர மீட்டர் பாய் போட்டு ஓட்டலாம். பிள்ளைங்க ஆப்டிமிஸ்ட்ல பாய விரிச்சு புடிக்கிற அந்த குறுக்கு கம்பத்த கழட்டிட்டா பாயோட மேல்பக்கம் மடிஞ்சு தொங்கிரும், வேகம் உடனே கொறஞ்சிரும். நல்ல தெம்பான பையன் ஒருத்தன் பெரிய பாய்தான் வேணும்னு நின்னான், அண்ணன் ஒண்ணும் திட்டல, "தம்பி, இன்னிக்கு சின்னது, அடுத்த வாரம் பாப்போம்"னு கையில குடுத்துட்டு போயிட்டாரு. அந்தப் பையன் அன்னிக்கு கவுறாம திரும்பி வந்தான், பெரிய பாய் போட்ட ரெண்டு மூணு பேரு தண்ணியிலயே கெடந்தாங்க.

தண்ணியில எறங்கினதும் கத்துக்குற முக்கியமான விஷயம் விட்டுக் குடுக்குறது. தூரத்துல தண்ணி கருப்பா திட்டுத் திட்டா நெளிஞ்சு வரும், அதுதான் அடுத்து வர்ற வேகக் காத்து, அது மேல விழறதுக்கு முன்னாடியே பாய்க் கயிற கொஞ்சம் விடணும், ஒடம்ப வெளிய சாச்சு படக மட்டமா வச்சுக்கணும், கடந்து போனதும் மறுபடி இழுக்கணும், பட்டம் விடுறப்ப நூல விட்டு விட்டுப் புடிப்போமே அதே மாதிரி. கயிற இறுக்கிப் புடிச்சுக்குற கிளீட்ல மாட்டிட்டு கைய சும்மா வச்சிருந்தா அண்ணன் ரெஸ்கியூ போட்லேருந்தே கத்துவாரு. படகு சாஞ்சா சுக்கான் கனமாகும், புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் சுக்கானோட மல்லு கட்டுவாங்க, ஆனா அதுக்கு மருந்து சுக்கான்ல இல்ல, பாய்க் கயித்துல இருக்கு. காத்துக்கு எதிர்ப்பக்கமா போறப்ப மூக்க இன்னும் கொஞ்சம் காத்துப் பக்கம் திருப்புனாலும் பாய் லேசா படபடத்து அழுத்தம் கொறஞ்சிரும், இதையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு விட்டுடாம செய்ய வச்சு பாக்குறாரு.

காத்து முதுகுக்குப் பின்னால இருந்து அடிக்கிறப்ப தெச மாத்துறதுதான் நெஜமா பயமுறுத்துறது, பாயோட அடியில இருக்குற பூம் கம்பு ஒரே அடியில தலைக்கு மேல பறந்து வரும். படகு நல்ல வேகத்துல ஓடுறப்பத்தான் செய்யணும்னு சொன்னாரு, வேகமா போறப்ப பாய்மேல படுற காத்து கம்மியாத்தானே இருக்கும், நாம பயந்து வேகம் கொறையட்டும்னு காத்திருந்தா அடி பலமா விழும். அதுவும் முடியலனா காத்துப் பக்கமா முழுசா சுத்தி டேக் பண்ணிட்டு வா, அதுல ஒரு கொறச்சலும் இல்லனு என் மககிட்ட சொன்னாரு, அவளும் அப்படித்தான் செஞ்சா. கவுந்தா என்ன செய்யணும்ங்குறது மொத நாள்லயே: படக விட்டு நீந்தவே கூடாது, கயித்த விடுவிச்சு, மூக்க காத்துப் பக்கம் திருப்பி, படகுக்கு அடியில நீட்டிட்டு இருக்குற சென்டர்போர்டு பலகையில ஏறி நின்னு நிமித்தணும்.

ஒரு ஞாயிறு காலையில எல்லாரும் பசியாறிட்டு வந்து சேர்ந்தா, மேற்க பங்கோர் தீவுக்கு அந்தப் பக்கம் கருப்பா ஒரு மேகம் சுவரு மாதிரி நீட்டா நிக்குது. அண்ணன் அத ஒரு தடவ பாத்தாரு, வகுப்ப ரத்து பண்ணிட்டாரு. சுமத்ரா காத்து அது, ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பெரும்பாலும் விடியக்காலையில கெளம்பி வரும், இடி மின்னலோட திடீர்னு அடிக்கும், அலுமினிய பாய்மரம் நட்ட படகுல அப்ப நீங்க இருக்கக்கூடாது. தூரத்துலேருந்து வந்த ஒருத்தர் பெட்ரோல் காசு வேஸ்ட்டுனு கோவப்பட்டாரு. கொஞ்ச நேரத்துலயே அடிச்ச மழைக் காத்துல கரையில கெடந்த படகுங்களே நகர ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் யாரும் பேசல. எனக்கு அண்ணன் மேல முழு நம்பிக்க வந்தது அன்னிக்குத்தான். கடலோடினா எப்படி காத்த அடக்குனேன்னு கதை சொல்றவங்கனு நெனச்சிருந்த என் மகளுக்கும் அன்னிக்கு வேற மாதிரி ஒரு ஆளப் பாக்க கெடச்சுது.

தியரி வகுப்புல அவரு சொல்ற ஆளுங்களும் அந்த மாதிரிதான். 1999ல லங்காவியில கெளம்பி தனி ஆளா உலகத்த சுத்திட்டு அதே வருஷம் ஆகஸ்டுல திரும்பின நம்ம அஸார் மன்சோர். அப்புறம் இந்திய கடற்படையில இருந்த அபிலாஷ் டோமி, தனி ஆளா உலகத்த சுத்துற 2018 கோல்டன் குளோப் ரேஸ்ல இந்தியப் பெருங்கடல் புயல்ல பாய்மரம் முறிஞ்சு முதுகெலும்புல பலத்த அடி பட்டு அசைய முடியாம கெடந்து காப்பாத்தப்பட்டவரு, 2022 ரேஸ்ல மறுபடியும் எறங்கி ரெண்டாவதா வந்தாரு. சொல்லி முடிச்சிட்டு அண்ணன் கேப்பாரு, இவங்க எத எத முன்னாடியே தயார் பண்ணி வச்சிருப்பாங்க சொல்லுங்கனு, நாங்க ஒவ்வொருத்தரா சொல்லணும். நம்ம தாத்தா பாட்டிங்க ரஜூலா கப்பல்ல கடல் தாண்டி வந்தவங்க, ஆனா அதுக்கப்புறம் நம்ம குடும்பங்களுக்கு கடல்னா தெலுக் பாத்திக் கடற்கரையில நாசி லெமாக் சாப்ட்டு கால நனைக்கிறதோட சரி. இந்த ரூம்ல தோட்டத்துப் பிள்ளைங்க ஒக்காந்து அலையப் பத்தி பேசுறத கேக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொறைங்களும் இருக்கு. ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ்ல, வாயால தமிழ்ல சொல்றாரு சரி, ஆனா வீட்டுல திருப்பிப் படிக்க பெரியவங்களுக்கு கஷ்டம், தமிழ்ல ஒரு நோட்டு அடிச்சு குடுக்கணும். மாடி ரூம்ல ரெண்டு ஃபேன்தான், புழுக்கம். ரெஸ்கியூ போட் ஒண்ணே ஒண்ணு, அதனாலேயே ஒரு செட்டுக்கு கொஞ்ச பேரத்தான் எடுக்குறாரு, பேரு குடுத்துட்டு காத்திருக்கணும். கட்டணம் நம்ம ஊரு கணக்குக்கு கூடத்தான், ஆனா தவணையில வாங்கிக்கிறாரு, எங்ககிட்ட அப்படித்தான் வாங்குனாரு.

சேர்றதா இருந்தா கைக்கு நல்ல கிளவ்ஸ் கொண்டு போங்க, பலத்த காத்துல கயிறு உள்ளங்கைய உரிச்சிரும். சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க மொதல்லயே லைஃப் ஜாக்கெட் சைஸ் கேட்டுக்குங்க, சின்னது கொஞ்சம்தான் இருக்கு, லூசா ஒண்ணு மாட்டி விட சம்மதிக்காதீங்க, அண்ணனும் சம்மதிக்க மாட்டாரு.