ஹஸ்கி மைதானத்து ரயில் நிலையம்: சியாட்டில்வாசி ஒருவரின் நெடுநாள் அனுபவம்

சியாட்டில் நகரின் லிங்க் லைட் ரயிலைப் பல ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். வேலைக்குப் போய்வருவது அதில்தான். இலையுதிர் காலத்து சனிக்கிழமைகளில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியின் கால்பந்து ஆட்டத்துக்குப் போவதும் அதில்தான். இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம் என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரயிலைச் சில மாதங்கள் பயன்படுத்தினால் அதன் வேகமும் வசதியும் தெரியவரும். பல ஆண்டுகள் பயன்படுத்தினால், ஒவ்வொரு நிலையமும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகளுக்கும் விடை தெரிய ஆரம்பிக்கும். நான் எழுத நினைப்பது இந்த இரண்டாவது வகை அனுபவத்தைத்தான்.

முதலில் பயண அனுபவம். பல்கலைக்கழக நிலையம் 2016 மார்ச் 19 அன்று, அறிவித்த காலத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நகர மையத்துக்குப் போக 71, 72, 73 எண் பேருந்துகளையே நம்பியிருந்தோம். மாலை நெரிசலில் அந்தப் பேருந்து எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலோ கப்பல் கால்வாய்க்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. மேலே 1925இல் கட்டிய மாண்ட்லேக் தூக்குப் பாலம் படகுகளுக்கு வழிவிட உயர்ந்து நிற்கும்போதும், நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் கிடக்கும்போதும், கீழே நம் பயணம் ஒரு நிமிடமும் தாமதமாவதில்லை. 2021 அக்டோபரில் நார்த்கேட் வரை தடம் நீண்டது. அங்கிருந்து நகர மையத்துக்குப் பதினான்கு நிமிடம். 2024 ஆகஸ்ட் 30 அன்று லின்வுட் வரை நீண்டபோது, தூரத்துக்கு ஏற்பக் கூடிய கட்டணத்தை நீக்கி, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் மூன்று டாலர் என்று ஆக்கினார்கள். பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஓர்கா என்னும் பயண அட்டையை மஞ்சள் கம்பத்தில் ஒரு முறை தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கணக்குப் போடாமல் ஏறும் பழக்கம் மக்களுக்கு வந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

குறைகளும் உண்டு. தெற்கே ரெய்னியர் பள்ளத்தாக்கில் மார்ட்டின் லூதர் கிங் சாலையின் நடுவே, கார்களுக்கும் பாதசாரிகளுக்கும் சமமான தரைமட்டத்தில் ரயில் ஓடுகிறது. அங்கே விபத்து நடந்தால் பாதிப்பு தடம் முழுவதற்கும் பரவும். குறுக்குச் சாலைகளின் சிக்னல்கள் இருப்பதால் ரயில்களை விருப்பம்போல் அடுத்தடுத்து விடவும் முடியாது. வடக்கில் சுரங்கமும், வெள்ளையரல்லாத மக்கள் பெருமளவில் வாழும் தெற்கில் தரைத்தடமும் அமைந்தது வெறும் பொறியியல் கணக்கால் மட்டும் நேர்ந்ததன்று. பணத்தை எங்கே செலவிடுவது என்ற அரசியல் முடிவும் அதில் அடங்கியிருக்கிறது. அதன் விலையை அந்தப் பகுதி மக்கள் இன்றும் கொடுத்து வருகிறார்கள். பல்கலைக்கழக நிலையம் தரைக்குக் கீழே வெகு ஆழத்தில் இருப்பது இன்னொரு பிரச்சினை. 2018 மார்ச்சில் அங்கே நகரும் படிக்கட்டுகள் ஒரே வேளையில் பழுதாகி நின்றுவிட, மக்கள் கீழே இறங்க முடியாமல் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று மூடி வைத்திருந்த படிக்கட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் நிர்வாகத்துக்கு வந்தது.

ரயில் அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை அறிய விரும்புகிறவர்கள் ஓர் ஆட்ட நாளில் இந்த நிலையத்துக்கு வந்து பார்க்க வேண்டும். 1920இல் கட்டப்பட்டு, 2013இல் புதுப்பித்துத் திறந்த ஹஸ்கி மைதானம் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது; ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அமரலாம். கிழக்குப் பக்கம் திறந்திருப்பதால் இருக்கையிலிருந்தே வாஷிங்டன் ஏரி தெரியும். படகிலேயே வந்து கரையோரம் கட்டிவிட்டு ஆட்டம் பார்க்கிறவர்களும் உண்டு. இருபுறமும் பார்வையாளர் மேல் கவிந்திருக்கும் உலோகக் கூரைகள் கூச்சலைத் திரும்ப ஆடுகளத்திலேயே கொட்டுவதால், அங்கே எழும் இரைச்சலில் எதிரணி வீரர்களுக்குத் தங்கள் தலைவரின் குரலே கேட்காது. 1992இல் நெப்ராஸ்காவுடன் ஆடியபோது அந்த இரைச்சல் 130 டெசிபெலைத் தாண்டியதாகப் பதிவாகியிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஊதா நிறச் சட்டை அணிந்த கூட்டம் முழுவதும் அந்த ஒரே வாசலை நோக்கி வரும். ஊழியர்கள் கயிறு கட்டி, கீழே நடைமேடையில் இடம் விழ விழ, ஒரு பகுதி ஒரு பகுதியாக உள்ளே அனுப்புவார்கள். நவம்பர் மழையில் தரை முழுவதும் ஈரம். மேம்பாலத்தின் பக்கமிருந்து வாத்தியக் குழுவின் முரசு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். விமான நிலையத்துக்குப் போகிற யாராவது ஒருவர் பெரிய பெட்டியைக் கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்தபடி, இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று புரியாமல் நடுவே நிற்பார். இந்த நெரிசலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. மைதானத்திலிருந்து மேம்பாலத்தைக் கடந்து, வளாகத்தின் வழியாக மேற்கே யூ டிஸ்ட்ரிக்ட் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். நடை சற்று நீளம்தான். ஆனால் தெற்கே போகிறவர்கள் ஒரு நிலையம் முன்னதாகவே ஏறுவதால் நிற்கவாவது நல்ல இடம் கிடைக்கும், பெரும்பாலும் இருக்கையே கிடைத்துவிடும்.

இந்த ரயிலில் மக்கள் வாக்களிக்காத ஓர் அங்குலம்கூட இல்லை. 1968இல் விரைவு ரயில் திட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தார்கள். ஆனால் கடன் பத்திரத்துக்கு அறுபது விழுக்காடு தேவைப்பட்டதால் திட்டம் தோற்றது. 1970இல் மறுபடி கேட்டபோது பாதிகூடக் கிடைக்கவில்லை. நமக்கு வரவேண்டிய மத்திய அரசின் பணம் அட்லாண்டாவுக்குப் போய், அங்கே மார்ட்டா ரயிலாக ஓடுகிறது. 1995இல் மீண்டும் தோல்வி, 1996இல் வெற்றி, 2007இல் தோல்வி, 2008இல் வெற்றி, 2016இல் பெரும் வெற்றி. அந்தக் கடைசி வாக்கெடுப்பில் ரயில் வரி செலுத்தும் மூன்று மாவட்டங்களையும் சேர்த்து 54 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள் என்றாலும், பியர்ஸ் மாவட்டத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்களுடைய கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது. ரயிலுக்காக வசூலிக்கும் வாகன வரியைக் கணக்கிட நிர்வாகம் பழைய தேய்மான அட்டவணையைப் பயன்படுத்தியதால், கார்களுக்குச் சந்தை மதிப்பைவிட அதிக மதிப்புப் போடப்பட்டது. அந்தக் கோபம்தான் 2019இல் வாகன வரியை முப்பது டாலராகக் குறைக்கும் மாநில முன்மொழிவாக வந்து வென்றது. அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. தீர்ப்பால் ரயில் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கு முறையை முன்பே திருத்தியிருந்தால் நீதிமன்றம் வரை போகவேண்டிய நிலையே வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மக்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கு நான் இறங்கும் ரூஸ்வெல்ட் நிலையம் நல்ல சான்று. அந்தத் தடத்தை நெடுஞ்சாலை ஓரமாக மேம்பாலத்தில் கொண்டுபோகும் யோசனை இருந்தது. அதில் செலவு குறையும். ஆனால் அப்பகுதி மக்கள் விடாமல் கூட்டங்களுக்குப் போய், தங்கள் கடைத்தெருவின் நடுவிலேயே சுரங்க நிலையம் வேண்டும் என்று கேட்டார்கள். 2005இல் ரயிலை நடத்தும் சவுண்ட் டிரான்ஸிட் அமைப்பின் இயக்குநர் குழு அதை ஏற்றது. இன்று நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் மளிகைக் கடை, பள்ளி, அடுக்குமாடி வீடுகள் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. வடக்கே ஷோர்லைன் நிலையங்களில் இறங்கினால் முதலில் காதில் விழுவது நெடுஞ்சாலையின் இரைச்சல். ரூஸ்வெல்ட்டுக்கு நேர்மாறான கதை ஃபர்ஸ்ட் ஹில். நகரின் பெரிய மருத்துவமனைகள் நெருங்கி நிற்கும் அந்த மேட்டுக்கு ஒரு நிலையம் திட்டத்தில் இருந்தது. மண்ணின் தன்மை, செலவு, ஆபத்து என்று காரணம் கூறி அதே 2005இல் நீக்கினார்கள். ஈடாக ஒரு டிராம் தடம் கொடுத்தார்கள். அது சாலை நெரிசலில் கார்களோடு கார்களாக நிற்கிறது. சுரங்க நிலையம் ஒருபோதும் திரும்பி வரவில்லை.

இனி ஆட்டத்தின் பக்கம் வருவோம். 2023 பருவம் இந்த ஊர் ரசிகர்கள் மறக்க முடியாதது. மைக்கேல் பெனிக்ஸ் பந்தெறிய, ஓரிகனை 36–33 என்று இதே மைதானத்தில் வென்று, ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்று, 2024 ஜனவரியில் மிச்சிகனிடம் 34–13 என்று தோற்றோம். சில நாள்களிலேயே பயிற்சியாளர் கேலன் டிபோயர் அலபாமாவுக்குப் போய்விட்டார். அதைவிட ஆழமான இழப்பு, நூறாண்டுக்கு மேற்பட்ட மேற்குக் கரை லீக் அதே பருவத்தோடு சிதறியது. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தைத் தேடிப் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேற, வாஷிங்டனும் மற்ற உறுப்பினர்களுக்குக் கிடைப்பதில் பாதியளவுப் பங்குக்கே ஒப்புக்கொண்டு பிக் டென் லீக்கில் சேர்ந்தது. எஞ்சி நின்ற இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று, நம் மாநிலத்தின் கிழக்கில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட். 1900 முதல் அவர்களோடு ஆடிவரும் ஆப்பிள் கோப்பை ஆட்டம் பல பத்தாண்டுகளாகப் பருவத்தின் இறுதியில், நவம்பரில் நடந்தது. 2024 முதல் அதைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

இது பொதுப் பல்கலைக்கழகம்; மாநில மக்களுடையது. ஆனால் லீக் மாறும் முடிவை எடுப்பதற்கு முன்பு எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாணவர்கள் ஆடிவிட்டுக் கண்டம் கடந்து திரும்புவதும், ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைச் சில வாரங்களில் ஆறே நாள்களுக்கு முன்புதான் தொலைக்காட்சி நிறுவனம் அறிவிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன. 2024 நவம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ அணியுடனான ஆட்டம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைக்கப்பட்டது. வகுப்பு முடிந்த மாணவர்கள், பணி மாறும் பல்கலைக்கழக மருத்துவமனை ஊழியர்கள், வீடு திரும்பும் எங்களைப் போன்றவர்கள், மைதானத்துக்கு வருகிறவர்கள் என்று எல்லோரும் ஒரே வேளையில் ஒரே நிலையத்தில் கூடவேண்டிய நாள் அது. ஆட்ட நேரத்தைக் குறித்தவர்கள் அந்த நெரிசலுக்கு ஒரு காசும் தருவதில்லை. கூடுதல் ரயிலும் ஊழியர்களும் நம் வரிப்பணத்தில்தான் வருகிறார்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள் 31–19 என்று வென்றோம். அந்த ஆண்டு சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அணியின் மீதுள்ள அன்பு எனக்குக் குறையவில்லை. அதை நடத்துகிறவர்கள் மீதிருந்த நம்பிக்கைதான் குறைந்துவிட்டது.

ரயில் விஷயத்தில் அப்படி இல்லை. கேட்க வழி இருக்கிறது. கேட்டால் சில வேளை நடக்கிறது. கிழக்கே மிதவைப் பாலத்தின் வழியாக வரவேண்டிய தடம், தண்டவாளத்தைத் தாங்கும் காங்கிரீட் மேடைகளில் குறை கண்டு இடித்துக் கட்ட நேர்ந்ததால் ஆண்டுக்கணக்கில் தாமதமானது. அப்போது, முடிந்த பகுதியையாவது முதலில் திறந்துவிடுங்கள் என்று மாவட்ட மன்ற உறுப்பினர் கிளாடியா பல்டூச்சி வலியுறுத்தினார். 2024 ஏப்ரலில் பெல்வியூவுக்கும் ரெட்மண்டுக்கும் இடையே எட்டு நிலையங்களோடு அது திறந்தது. 2025 நவம்பர் மேயர் தேர்தலில், பயணிகள் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான கேட்டி வில்சன், பதவியில் இருந்த புரூஸ் ஹாரலை ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்குகளில் வென்றார். தேர்தல் இரவில் பின்தங்கியிருந்தவர், பெட்டிகளில் கடைசியாக விழுந்த வாக்குச்சீட்டுகளை எண்ண எண்ண முன்னேறினார். பேருந்துக்கும் ரயிலுக்கும் காத்து நிற்கிறவர்களைத் திரட்டிய ஒருவர் இந்த நகரின் மேயராக முடிந்தது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது.

அவர் எதிர்கொள்ளவேண்டிய கணக்கு எளிதன்று. 2016இல் வாக்களித்த திட்டத்தில் மேற்கு சியாட்டில் தடம் 2030இலும் பாலார்டு தடம் 2035இலும் திறக்கவேண்டும் என்றிருந்தது; அவை முறையே 2032, 2039 என்று தள்ளிப் போயிருக்கின்றன. மேற்கு சியாட்டிலின் மதிப்பீடு நான்கு பில்லியன் டாலர் அளவிலிருந்து 2024இல் 6.7 பில்லியனுக்கு மேல் போய்விட்டது. எதைக் குறைப்பது, எந்த நிலையத்தை விடுவது என்ற பேச்சு இயக்குநர் குழுவில் நடக்கிறது. அந்தக் குழுவின் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. இணைய வழியிலும் பேசலாம். பாலார்டு, மேற்கு சியாட்டில், தெற்குப் பகுதி நண்பர்கள் அந்த நேரத்தைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். திட்டத்தில் ஒரு நிலையத்தை நீக்குவதாக இருந்தால், அதன் பேரில் வரி கொடுத்து வருகிற வாக்காளர்களிடம் மறுபடி கேட்ட பிறகே நீக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஃபர்ஸ்ட் ஹில் மருத்துவமனைகளுக்கு இன்றும் பேருந்து மாறிப் போகிற நோயாளிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் அதை அழுத்தமாகவே வைக்கிறேன்.