கறிக்கோழித் தீவனத்தில் க்ளோஸ்டாட்: எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது

கெமின் நிறுவனத்தின் க்ளோஸ்டாட் தூளில் இருப்பது பேசில்லஸ் சப்டிலிஸ் பிபி6 என்ற நல்ல பாக்டீரியாவின் வித்துகள். நோயற்ற கோழிகளின் குடலிலிருந்து பிரித்தெடுத்த வகை இது. குடல் அழுகலை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியை இது அடக்குகிறது என்ற ஆய்வு 2005இல் வெளிவந்தது. செய்தவர்கள் அந்நிறுவனத்தின் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தினர். நம் சிங்கப்பூரில் இருப்பவை முட்டைக்கோழிப் பண்ணைகள்தாம். கறிக்கோழி மலேசியாவிலிருந்து உயிரோடு வந்து இங்கே அறுபடுகிறது. ஆகவே ஜொகூர் கொட்டகைகளுக்குத் தீவனக் கலவை எழுதிக்கொடுப்பவர்களையும், அங்கிருந்து கோழி எடுப்பவர்களையும் மனத்தில் வைத்தே இந்த மதிப்புரை.

முதலில் நோய். நெக்ரோடிக் என்டிரைட்டிஸ் எனப்படும் குடல் அழுகல் பெரும்பாலும் 2 முதல் 6 வார வயதில் வரும். இந்தக் கிருமி ஆரோக்கியமான கோழியின் குடலிலும் குறைந்த அளவில் இருக்கும். அது பெருகுவதற்கு வாய்ப்பு அமையும்போதுதான் நோய். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கும்போது புரதம் கசிகிறது. அதைத் தின்று கிருமி பெருகி, நெட்பி என்ற நச்சை விடுகிறது. மீன்தூள் அதிகமான தீவனம், மக்காச்சோளம் விலை ஏறும்போது சேர்க்கும் கோதுமை, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, கொட்டகைத் தரையில் பரப்பும் உமிக் கூளத்தின் ஈரம், கம்போரோ என்ற வைரஸ் நோயால் குறைந்த எதிர்ப்புச் சக்தி, எல்லாமே இதற்குத் துணை போகும். கோழிகள் திடீரெனச் சாவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பணத்தைத் தின்பது சாவே இல்லாத மறைமுக வடிவம்: எடை ஏறாது, எஃப்.சி.ஆர். (1 கிலோ எடை ஏறத் தேவைப்படும் தீவன அளவு) கெடும், ஈரல் வெளிறி வீங்கி அறுப்புக்கூடத்தில் கழிக்கப்படும்.

இனி தூள். வித்து வடிவில் இருப்பதுதான் இதன் பெரிய பலம். சாதாரண லாக்டோபேசில்லஸ் தூள்கள் பெல்லட் இயந்திரத்தின் 80, 85 டிகிரி நீராவியில் மடிந்துவிடும், இது தாங்கும். ஈரப்பதம் மிகுந்த நம் வானிலையிலும் மூடிய பையில் நன்றாகவே இருக்கிறது. பையைத் திறந்தபின் இறுகக் கட்டி வைக்க வேண்டும். தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு என்ற சத்துப்பொருள் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் என்பதால் அதையும் இந்தத் தூளையும் ஒரே பிரிமிக்ஸில் (முன்கலவையில்) போட்டு மாதக்கணக்கில் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே பெயரில் வெவ்வேறு செறிவுகள் விற்பனையில் உள்ளன. போன பையின் அளவை இந்தப் பைக்கு அப்படியே போடக்கூடாது. கறிக்கோழிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அனுமதித்தபோது வைத்த குறைந்தபட்சம், 1 கிலோ தீவனத்துக்கு 1 கோடி வித்து. பையில் கிராமுக்கு 10 கோடி என்று இருந்தால் 1 டன்னுக்கு 100 கிராம் போதும். கிராமுக்கு 2 கோடி என்றால் 500 கிராம். இந்தச் சிறு அளவை நேராக மிக்ஸரில் கொட்டினால் ஒரு மூட்டையில் நிறைய, அடுத்ததில் ஒன்றுமில்லை என்றாகும். முதலில் 5 முதல் 10 கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகக் கலந்து, அதன்பின் மிக்ஸரில் சேருங்கள். சந்தேகம் வந்தால் தீவன மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கியபின் வித்து எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். சூட்டுக்குப் பிறகு வளர்வதில் பெரும்பங்கு வித்திலிருந்து வந்ததாக இருக்கும்.

இது குடலில் நிரந்தரமாகக் குடியேறாது. முதல் நாள் தீவனத்திலிருந்து கடைசி வரை விடாமல் கொடுக்க வேண்டும். நோய் வந்தபின் இரட்டை அளவு போட்டுக் காப்பாற்ற முயல்வது வீண். அப்போது வேண்டியது கால்நடை மருத்துவர் எழுதித்தரும் மருந்தும், அதற்கான விலக்குக் காலத்தை (மருந்தை நிறுத்தியபின் அறுக்கும் வரை காத்திருக்க வேண்டிய நாட்களை) கடைப்பிடிப்பதும். அறுக்கும் தேதி நெருங்கும்போது மருந்து எச்சம் ஒரு தீவிரமான விஷயம், இங்கே இறக்குமதிச் சோதனை உண்டு.

யாருக்கு அதிகம் பயன்? சாலினோமைசின், நராசின் போன்ற அயனோஃபோர் வகை ரத்தக் கழிச்சல் மருந்துகள் ஐமீரியாவோடு இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கும். அவற்றை விட்டு ரத்தக் கழிச்சல் தடுப்பூசிக்கு மாறிய கோழித் தொகுதிகளில் அந்தக் காப்பு போய்விடுகிறது. உயிருள்ள தடுப்பூசியே 3ஆம் வாரத்தில் குடலைச் சற்றுப் புண்ணாக்கும். இந்த இடத்தில் தூளின் செலவு நியாயமானது. அயனோஃபோரும் உலர்ந்த கூளமும் நல்ல மக்காச்சோளம்-சோயா தீவனமும் உள்ள கொட்டகையில் வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும்.

கூளம் ஈரமாக இருந்தால் எந்தத் தூளும் நிற்காது. ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். பெரும்பாலும் காரணம் கோழி குடிக்கும் நிப்பிள் குழாயின் உயரமோ அழுத்தமோ தவறாக இருப்பதுதான். கோழி கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரம் வேண்டும்.

பயன் இருக்கிறதா என்று அறிய, ஒரே குஞ்சு, ஒரே தீவனம் உள்ள 2 கொட்டகைகளை ஒப்பிடுங்கள். 14, 21, 28ஆம் நாட்களில் ஒவ்வொன்றிலும் 5 கோழிகளை அறுத்து உடனே சிறுகுடலைத் திறந்து பாருங்கள். செத்துக் கிடந்த கோழி உதவாது. இறந்தபின் கிருமி தானாகப் பெருகி வாயு நிரப்பிவிடும். நீளவாக்கில் வெட்டி, தண்ணீரில் மெல்ல அலசினால், நல்ல குடலின் உட்புறம் வழவழப்பாக இளஞ்சிவப்பாக இருக்கும். நோய்ப்பட்டதில் மெலிந்த சுவர், உள்ளே பழுப்பு மஞ்சளாகச் சொரசொரப்பான டர்க்கி டவல் போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். கத்தி முனையால் சுரண்டினால் உரியும். கூடவே ஐமீரியா புண்களையும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு எழுதுங்கள். அந்த எண் உயர்ந்தே இருந்தால் அடுத்த தொகுதிக்கு க்ளோஸ்டாட் வாங்கும் முன் ரத்தக் கழிச்சல் மருந்துத் திட்டத்தை மாற்றுங்கள்.