எலெக்ட்ரால் தூள்: ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான்

வயிற்றுப்போக்குக்கென்று வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் வைத்திருக்கலாம் என்றால், ஓ.ஆர்.எஸ். (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-குளுக்கோஸ் கரைசல்) தூள் உறையைத்தான் வைக்க வேண்டும். மெடிக்கலில் அதிகம் கைக்கு வருவது எலெக்ட்ரால், 21.8 கிராம் உறை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, டெக்ஸ்ட்ரோஸ் (அதாவது குளுக்கோஸ்) 13.5. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தித் தந்த கலவை இதுதான். வேறு கம்பெனி உறையானாலும் இந்த நான்கு எண்களும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் உறையும் இதே வேலையைச் செய்யும்.

இதில் குளுக்கோஸ் தெம்புக்காகச் சேர்த்தது அல்ல. பேதி ஆகும்போதும் சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் வழி திறந்திருக்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அளவு மாறினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

கெடுவது பெரும்பாலும் நம் அடுப்படியில்தான். பெரிய உறையில் பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு கூடிய அந்தத் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆபத்து. மீதி உறையை மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். அடுத்த முறை எந்தப் பிடியில் எவ்வளவு உப்பு வந்தது என்று யாருக்கும் தெரியாது. சொம்புக்கும் சொம்பு அளவு மாறும். ஒரு லிட்டர் என்று போட்ட கடைத் தண்ணீர் பாட்டிலையே அளவாக வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழு உறையையும் கொட்டி, அடியில் மணல்போல் எதுவும் தங்காதவரை கலக்குங்கள். கலந்தபின் சுட வைக்கக் கூடாது. ருசிக்காகச் சர்க்கரையோ ஜூஸோ பாலோ சேர்க்கவும் கூடாது. 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் அதிகம் என்கிற வீட்டுக்கு 4.4 கிராம் சின்ன உறை இருக்கிறது, 200 மி.லி.க்கு ஒன்று. குழந்தை இருக்கும் வீட்டில் அதுவே வசதி.

ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. கைக்குழந்தைக்குப் பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக, தாய்ப்பாலை நிறுத்தாமல். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். மடமடவென்று குடித்தால் அப்படியே வெளியே வந்துவிடும்.

"குடித்தும் நிற்கவில்லையே" என்பது இதன்மேல் அடிக்கடி வரும் குறை. பேதியை நிறுத்துவது இதன் வேலையல்ல. உடம்பு வற்றாமல் காப்பதுதான். குழந்தைகளுக்குப் பேதியின் நாட்களைக் குறைக்கக் கூடவே துத்தநாக மாத்திரை தருவார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குள் 10 மி.கி., 14 நாள். பேதி நின்றாலும் நாள் கணக்கை முடிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். லேபிளில் 100 மி.லி.க்குச் சர்க்கரை 10 கிராம் என்றிருந்தால் லிட்டருக்கு 100 கிராம். நம் உறையில் இருப்பது 13.5. அவ்வளவு இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. எப்போதோ வந்திருக்க வேண்டிய உத்தரவு.

நடுராத்திரியில் உறை இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொட்டாசியம் இதில் கிடையாது, விடிந்ததும் உறை வாங்கிவிடுங்கள். உப்புப் போட்ட கஞ்சி நல்ல துணை. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது.

சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். வெயிலுக்குத் தினமும் குடிக்கும் பானமாக இதை ஆக்க வேண்டாம். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம்.