கார்-டி சிகிச்சையா, செக்பாயின்ட் தடுப்பானா?

இரண்டும் புற்றுநோய்க்கான சிகிச்சைகள்; நோயாளியின் டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) நம்பியவைதான். அந்தச் செல்களின் பிரேக்கைப் புற்றுநோய் அழுத்திப் பிடித்திருக்கும். அதை விடுவிப்பது செக்பாயின்ட் தடுப்பான். 2018 மருத்துவ நோபல் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் இதன் அடிப்படைக்காகவே கிடைத்தது. மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று), நுரையீரல் புற்று எனப் பயன்படும் இடங்கள் அதிகம். என் கணக்கில் பரவலான பலனுக்கு இதுவே முந்தி. ஆனால் அவிழ்த்துவிட்ட செல்கள் குடலையோ தைராய்டையோ தாக்கலாம்.

கார்-டி துணிச்சலான வேலை. டி செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புற்றை அடையாளம் காணும்படி மரபணு மாற்றி, பெருக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்துவார்கள், வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் 2017-இல் முதல் அனுமதி. பி செல்களின் (எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளை அணுக்கள்) மேலிருக்கும் சிடி19 புரதத்தைக் குறிவைக்கும் வகை, பி செல் ரத்தப்புற்றில் அசத்துகிறது. கூடவே நல்ல பி செல்களும் அழியும் (அவை இல்லாமலும் சமாளிக்கலாம், நல்லவேளை!). சைட்டோகைன் புயல் (நோயெதிர்ப்பு வேதிப்பொருட்கள் ஒரேயடியாகப் பெருகுவது) கடுமையானால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். உறுப்புகளில் வளரும் திடக்கட்டிகளிலோ இன்னும் தடுமாற்றம்: குறிவைக்கும் புரதம் பெரும்பாலும் நல்ல திசுக்களிலும் இருந்து தொலைக்கிறது.