கோல்ஃப் கற்றுத்தருகிறோம் என்று 349 டாலர் வாங்கிக்கொண்டார்கள்: சந்தா கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது" என்று இன்று காலை ஒரு மெயில் வந்தது. எதுவும் தீரவில்லை. என் 349 டாலர் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இடதுகை ஆட்டக்காரனுக்கு அனுப்பப்பட்ட வலதுகைப் பாடம். ஆத்திரம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுதமாட்டேன்.

பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கும் நான்தான் செலவு செய்ய வேண்டும். ஆனால் எந்த மாதிரித் தளம் என்று சொல்கிறேன். வருடச் சந்தா வாங்கிக்கொண்டு வீடியோ மூலம் கோல்ஃப் கற்றுத்தரும் தளம். முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்: உங்கள் ஸ்விங் (மட்டையை வீசும் விதம்) வீடியோவைப் பயிற்சியாளரே பார்த்துத் திருத்துவார், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றிதழ் உண்டு, பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் முழுப் பணமும் வாபஸ்.

என்னை நம்ப வைத்தது அந்த விளம்பரம் இல்லை. மட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவர்கள் இலவசமாக விட்டிருந்த ஒரு கிரிப் வீடியோ. நல்ல வீடியோ, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கிளப்பை, அதாவது மட்டையை, உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கக் கூடாது, விரல்களின் அடிப்பக்கத்தில் குறுக்காகப் படிய வேண்டும் என்பதைக் கையுறைமேல் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார் அந்தப் பயிற்சியாளர். என் கையுறையிலும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அடித்தேன். ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையில் பந்து படும் சத்தமே மாறிவிட்டது. இலவசமாகவே இவ்வளவு சொல்கிறவர் காசு கொடுத்தால் எவ்வளவு சொல்வார்! அன்று இரவே சாட்டில் கேட்டேன்: "நான் இடதுகை ஆட்டக்காரன். எனக்கும் சரிவருமா?" உடனே பதில்: "நிச்சயமாக சார். உங்களுக்கென்று தனித் திட்டம் போடுவோம். பயிற்சியாளர் உங்கள் வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்ப்பார்." அந்த ஒரு வரியை நம்பித்தான் 349 டாலர் கட்டினேன்.

முன்பக்கத்திலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று கேட்டபடியே வீடியோ எடுத்து அனுப்பினேன். வந்த அறிக்கையைப் பாருங்கள் (டிரைவர் என்பது தூரமாக அடிக்கும் மட்டை). "உங்கள் டிரைவர் ஷாட் வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகிறது. இடது முழங்கை மடங்குகிறது, அதை நேராக வையுங்கள். கீழே இறங்கும்போது உடல் எடையை இடது காலுக்கு மாற்றுங்கள்." இடதுகை ஆட்டக்காரனின் ஸ்லைஸ் இடப்பக்கம்தான் போகும். எனக்கு முன்னால் இருக்கும் கை வலது கை, எடை போய்ச் சேர வேண்டியது வலது கால். அறிக்கையில் சொன்னபடி இடது காலில் எடையை வைத்து அடித்தால் பந்துக்கு முன்பே தரையைத்தான் வெட்டுவேன். வீடியோவை ஒரு மனிதர் இரண்டு விநாடி பார்த்திருந்தால்கூட நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிந்திருக்கும். யாருமே பார்க்கவில்லை. கீழே பயிற்சியாளர் பெயர்கூட இல்லை.

சரி, பாடமாவது உருப்படியாக இருக்குமா என்று திறந்தேன். விதிகள் பகுதியில், தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் என்கிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து அது 3 நிமிடம். பந்தை டிராப் செய்யும்போது, அதாவது விதிப்படி கையிலிருந்து கீழே விடும்போது, தோள் உயரத்திலிருந்து விட வேண்டும் என்கிறார்கள். அதுவும் 2019லேயே முழங்கால் உயரமாக மாறிவிட்டது. இதை நம்பி ஒருவர் போட்டியில் தோள் உயரத்திலிருந்து டிராப் செய்துவிட்டு, திருத்திக்கொள்ளாமல் அப்படியே அடித்தால் அவருக்குப் பெனால்டி. அதற்கு இவர்களா பொறுப்பேற்பார்கள்?

ஸ்லைஸ் பாடம் இன்னும் மோசம். பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது ஸ்விங் பாதை, அதாவது மட்டை வீசப்படும் பாதை என்று சொல்லித்தருகிறார்கள். ராடார் கருவிகள் வந்து அளந்த பிறகு கைவிடப்பட்ட பழைய கணக்கு அது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம். அந்த முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. என் பந்து நேராகக் கிளம்பிப் பிறகு வளைகிறது. அப்படியென்றால் முகம் ஏறக்குறைய சரி, பாதைதான் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது. இவர்கள் பாதையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பச் சொல்கிறார்கள். அப்படியே பழகிவிட்டால் கோளாறு ஒன்றுக்கு இரண்டாகும்.

ரீஃபண்ட் கேட்டேன். முதலில், "பாடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்துகொள்ளுங்கள் சார்" என்றார்கள். தனித் திட்டம் என்று சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டதும் "மேலாளருக்கு அனுப்பியிருக்கிறோம்". பிறகு பதிவு செய்த மெயிலிலிருந்துதான் எழுத வேண்டும் என்றார்கள். அதிலிருந்துதான் எழுதியிருந்தேன். பிறகு வேறு ஒருவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். கடைசியில் உண்மைக் காரணம் வெளியே வந்தது: 14 நாள் உத்தரவாதம் ஒரு பாடத்தையும் திறக்காதவர்களுக்கு மட்டுமாம். நான் கேட்டது 14 நாளுக்குள். ஆனால் லாகின் செய்ததுமே வரவேற்பு வீடியோ தானாக ஓடுகிறதே, அதையும் பாடம் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள்! உள்ளே நுழையும் எவருக்கும் இந்தப் பணம் திரும்ப வராதபடிதான் செய்து வைத்திருக்கிறார்கள். சமாதானத்துக்கு என்று அடுத்த வருடச் சந்தாவில் பாதி தள்ளுபடி கூப்பன் ஒன்று அனுப்பினார்கள். 349 டாலர் போன ஆளிடம் இன்னும் பணம் கட்டச் சொல்லும் துணிச்சலைப் பாருங்கள்.

அந்த ஹேண்டிகேப் சான்றிதழும் வெற்றுக் காகிதம். நாமே ஏதோ ஸ்கோர்களைப் போட்டால் ஒரு எண் வரும், கீழே முத்திரை மாதிரி ஒரு படம் இருக்கும். 2020 முதல் நடப்பில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறையில், அங்கீகாரம் பெற்ற சங்கம் அல்லது கோல்ஃப் மன்றம் வழியாக மட்டுமே ஹேண்டிகேப் இண்டெக்ஸ் வாங்க முடியும். 54 குழிகளுக்கான ஸ்கோர் கொடுத்தால் தொடங்கிவிடலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விதிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ இரண்டும் தங்கள் தளத்திலும் செயலியிலும் முழு விதிநூலையும் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தப் பாடத் தளமானாலும் முதலில் தொலைந்த பந்து பாடத்தைப் பாருங்கள், 5 நிமிடம் என்றிருந்தால் 2019க்கு முந்தைய பழைய சரக்கு, மூடிவிடுங்கள். பயிற்சியாளரின் பெயரைக் கேளுங்கள், பிஜிஏ (தொழில்முறை கோல்ஃப் பயிற்சியாளர்களின் சங்கம்) உறுப்பினர் என்றால் அந்த அமைப்பிடமே விசாரியுங்கள், பெயர் சொல்லத் தயங்கினால் கட்டாதீர்கள். கட்டும் முன் முகப்பையும் நிபந்தனைப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்குப் பதில் சொன்ன மறுநாளே முகப்பில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று சிறிய எழுத்தில் சேர்த்துவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்துங்கள், அது கணக்குப் பக்கத்தில் இல்லை, பில்லிங் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது.

கார்டு கொடுத்த வங்கியில் 349 டாலருக்கும் புகார் கொடுத்து, அந்த அறிக்கையையும் என் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். வரவேற்பு வீடியோவைக் காரணம் காட்டி உங்களிடமும் ரீஃபண்டை மறுத்திருந்தால், வங்கி வழியாகப் பணம் திரும்ப வந்ததா என்று கீழே எழுதுங்கள். அவர்கள் அனுப்பிய மெயிலின் வாசகத்தையும் அப்படியே போடுங்கள், என் புகாரோடு சேர்க்க வேண்டும்.